பள்ளிக்கூடம் புகும் பிள்ளையும் தந்தையின் கடிதமும்



நம்மில் வியாபாரம் செய்பவர் எவரும் பட்டியல் இல்லாமல் சரக்கு அனுப்புவதில்லை. ஒரு மூட்டை மஞ்சளை அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு அனுப்பினாலும், எடை இவ்வளவு, தரம் இன்னது, ஈரம் படக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புகிறோம். சரக்கைப் பெறுகிறவர் மூட்டையைப் பிரிக்குமுன் அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். ஆனால் விலைமதிப்பற்ற நம் பிள்ளையை முதன்முதலாகப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒரு வார்த்தையும் சொல்லாமல் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, கடை திறக்க நேரமாயிற்று என்று திரும்பிவிடுகிறோம். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரம் அழுதுவிட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையால் அது ஆகாது. அத்தகைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்தை அப்பிள்ளைக்கும் எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இதை ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. என் தம்பி மகன் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன். "சொல்லுங்கள் பெரியத்தா, இன்னொரு வீட்டில் நடக்காமல் இருக்கட்டும்" என்றான்.

அவனுடைய இளைய மகன் நான்கு வயதிலும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பாரான். வாசலில் கிடக்கும் செருப்புகளை எல்லாம் ஒரு முழ நேர்கோட்டில் அடுக்குவான். யாராவது ஒன்றை எடுத்துவிட்டால் வீடு இரண்டுபடும். "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்" என்று பெரியவர்கள் சொன்னோம், நானும் சொன்னேன். ஐந்தாம் வயதில் டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். அன்றிரவு வீட்டார் கூடி எடுத்த முடிவு, யாருக்கும் சொல்லக்கூடாது என்பது. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் சேர்க்கமாட்டார்கள், ஊரில் தெரிந்தால் அக்காள்மாருக்கு மாப்பிள்ளை அமைவது தடைப்படும் என்று பயந்தோம்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், பிள்ளையை உட்காரவைத்த இடத்துக்கு நேர் மேலே மணி இருந்தது. மணி அடித்தது. பிள்ளை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசையில் தலையை மோதிக்கொண்டான். பிறகு எழுந்து ஓடினான். குறும்பு என்று எண்ணிக் கையைப் பிடித்தவரைக் கடித்தான். ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. மூன்றாவது வாரம் வாயிற்கதவைத் தாண்டி வெளியே போய்விட்டான். இரண்டு வீதிகளுக்கு அப்பால், ஒரு கடையின் அஞ்சடியில் உட்கார்ந்து தரையிலுள்ள ஓடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தவனைக் கண்டெடுத்தோம். அன்றோடு படிப்பு நின்றது. ஓர் ஆண்டு வீணாயிற்று.

யார்மேல் பிழை? ஆசிரியர்மேல் இல்லை, அவருக்கு எதுவும் தெரியாது. பிள்ளைமேல் இல்லை, அவனுக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர்கள் நாங்கள்.

1. ஆட்டிசம் என்பது யாது?

தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள். இது பைத்தியமன்று, தொற்றுநோயுமன்று. மூளை வளரும் விதத்தில் இளமையிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. உலகெங்கும் 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இவ்வாறு இருந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூடும் கூட்டத்தில் எத்தனை வீடுகளில் இது இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதன் அடையாளங்கள் இரண்டு வகை. ஒன்று, பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் உள்ள சிரமம். முகத்தைப் பார்த்துக் கருத்தறிவது, விரல் நீட்டிக் காட்டுவது, விளையாட்டில் சேர்வது இவையெல்லாம் தாமே வருவதில்லை. மற்றொன்று, ஒரே மாதிரியை விரும்புதல். அதே கிண்ணம், அதே வழி, அதே வரிசை வேண்டும். அத்துடன் ஒலி, வெளிச்சம், வாசனை, துணியின் உராய்வு ஆகியவை சிலருக்கு நமக்கு உறைப்பதைவிடப் பன்மடங்கு உறைக்கும். வேறு சிலருக்கு உறைக்கவே உறைக்காது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். ஒருவன் பேசவே மாட்டான். மற்றொருவன் ஓயாமல் பேசுவான், ஆனால் கேட்ட கேள்விக்கு விடை வராது. சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறை இருக்கும், பலருக்கு இல்லை.

தடுப்பூசியால் வருகிறது என்ற வதந்தி நம்மிடையேயும் உலவுகிறது. 1998இல் லான்செட் என்னும் ஆங்கில மருத்துவ ஏட்டில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. அந்த ஏடே 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளை ஆராய்ந்தும் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஆகவே இதை நம்பி மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விடுவது வீண் ஆபத்து.

2. கடிதம் எழுதிய தந்தை

இந்நிலைக்கு மருத்துவ நூல்களில் இடம் கிடைத்ததில் ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்துக்கும் பெரும் பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர். அங்கே 1933இல் டொனால்ட் டிரிப்லெட் என்ற பிள்ளை பிறந்தான். தாய் தந்தையரைக் கண்டால் மகிழமாட்டான். எண்களிலும், சுழலும் பொருள்களிலும் மட்டுமே அவன் கருத்துச் செல்லும். டாக்டர்களின் யோசனைப்படி 1937இல் அவனை வீட்டிலிருந்து பிரித்து ஒரு விடுதியில் சேர்த்தார்கள். மறு ஆண்டு பெற்றோர் அவனைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். தகப்பனார் ஒரு வக்கீல். அவர் பால்டிமோர் நகரிலிருந்த லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவருக்கு, தம் மகனைப் பற்றி 33 பக்கங்கள் எழுதி அனுப்பினார். என்ன உண்கிறான், எதைக் கண்டு அஞ்சுகிறான், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறான் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. 1943இல் கானர் 11 பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் டொனால்டே முதற் பிள்ளை. ஆட்டிசம் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதற்கு அக்கட்டுரை ஒரு தொடக்கம்.

அப்பிள்ளை என்ன ஆனான்? ஒன்பது வயதளவில், ஊருக்குச் சற்று அப்பால் இருந்த ஓர் உழவர் தம்பதியிடம் அவனை விட்டார்கள். கானர் அங்கே போய்ப் பார்த்து வியந்தார். அளப்பதிலும் எண்ணுவதிலும் ஓயாத ஆசை கொண்டவனை அந்த உழவர் கண்டிக்கவில்லை. சோளக்கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டே வரிசைகளை எண்ணும்படி விட்டார். கிணறு தோண்டவிட்டு அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார். அங்கிருந்த நாட்டுப்புறப் பள்ளிக்கூடமும் அவனுடைய விசித்திரங்களைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது. பின்னர் டொனால்ட் கல்லூரியில் படித்து 1958இல் பட்டம் பெற்றார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார், 2023இல், 89ஆம் வயதில் காலமானார்.

எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறே ஆவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அது பொய்யாகும். அந்தக் குடும்பம் வசதி படைத்தது, வங்கியும் அவர்களுடையது. ஆனால் இரண்டு விஷயங்களை எந்த ஏழையும் செய்யலாம். தந்தை எழுதிக் கொடுத்தார்; பிள்ளையிடம் இருந்த இயல்பையே பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வேலை பழக்கினார்கள்.

3. தாயைப் பழிக்க வேண்டா

பிள்ளை இப்படி இருந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள்" என்பது. படித்த உலகமும் இதே தவற்றைச் செய்தது. தாயிடம் அன்பின் வெதுவெதுப்பு இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று அமெரிக்காவில் நெடுங்காலம் பேசினார்கள். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அக்கருத்தை ஒரு பெரும் நூலாகவே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளநூல் வல்லவருமான பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் அதற்கு முன்பே, 1964இல், இது உடற்கூற்றைச் சார்ந்ததென்று ஒரு நூல் எழுதிவிட்டார். இறுதியில் அவர் வழிதான் நிலைத்தது. தாய்மீது சுமத்திய பழி ஆதாரமற்றதென்று தள்ளப்பட்டது.

அங்கே ஒருத்தி செல்லம் கொடுக்கவில்லை என்று பழித்தார்கள்; இங்கே ஒருத்தி செல்லம் கொடுத்தாள் என்று பழிக்கிறோம். இரண்டும் ஒரே அநீதி. காலை முதல் இரவு வரை கடையில் இருந்துவிட்டு வரும் நாம், நாள் முழுதும் அப்பிள்ளையோடு போராடும் பெண்ணிடம் கணக்குக் கேட்பது நியாயமாகுமா?

துஆச் செய்யுங்கள், ஓதிப் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு தாயத்து, இன்னும் ஒரு நாட்டு மருந்து என்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். பிள்ளைக்குப் பயிற்சி மிகவும் பயன்படும் காலம் இளமைதான்.

4. எங்கே போவது?

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் 18ஆம் மாதத்திலும் 3 வயதிலும் இதற்கென்று சில கேள்விகளைத் தாயிடம் கேட்கிறார்கள். உண்மையான விடை சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஜார்ஜ்டவுன் மக்களுக்குப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி அருகிலேயே இருக்கிறது.

டாக்டர் உறுதி செய்தபின், சமூக நலத்துறையான ஜே.கே.எம்.மில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். ஆட்டிசம் அங்கே கற்றல் குறை என்னும் வகையில் அடங்கும். "அட்டை வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை குத்தியதாகாதா?" என்று சிலர் தயங்குகிறார்கள். அட்டை இல்லாவிட்டால் குறை போய்விடுமா? உதவிதான் போய்விடும்.

பள்ளிக்கூடத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பகுதியை அணுகவேண்டும். வழிகள் மூன்று உண்டு: சிறப்புக் கல்விப் பள்ளிக்கூடங்கள், சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தனி வகுப்பு நடத்தும் ஒருங்கிணைந்த திட்டம், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் திட்டம். எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் தனி வகுப்பு இல்லை. ஆதலால் ஓர் ஆண்டுக்கு முன்பே விசாரிப்பது நல்லது. எது கௌரவம் என்று பாராமல், எது பிள்ளைக்கு ஏற்றது என்று பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003 முதல் மலேசியாவில் ஆரம்பக் கல்வி கட்டாயம். உடற்குறையும் மனக்குறையும் உள்ளோருக்கான சட்டம் 2008இல் வந்தது. 2019 முதல், குறையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தியது. ஆகவே, சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்று எங்கள் வீடு அஞ்சிய அச்சம் இன்று பழைய அச்சம். ஆனால் 2013ஆம் ஆண்டின் விதிகளின்படி, சிறப்புக் கல்வியில் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு சோதனைக் காலம் உண்டு. அந்த மூன்று மாதத்துக்குத்தான் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும்.

அரசாங்கத்துக்கு வெளியே, பெற்றோர்கள் முயற்சியால் 1980களில் தோன்றிய மலேசிய தேசிய ஆட்டிசச் சங்கம் போன்ற அமைப்புகளும் உண்டு. அங்கே போனால் யோசனை மட்டுமல்ல, நம்மைப் போன்ற வேறு பெற்றோர்களும் கிடைப்பார்கள்.

5. வீட்டில் ஆறு மாதப் பயிற்சி

இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையே முதல்.

நாள் ஒழுங்கு: பள்ளிக்கூட நாளில் எழும் நேரத்துக்கு இப்போதே எழுப்புங்கள். எழுதல், குளித்தல், உடுத்தல், உண்ணல், புறப்படல் ஆகியவற்றைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஒன்று முடிந்ததும் அப்படத்தைப் பிள்ளையே திருப்பி வைக்கட்டும். இவர்களில் பலருக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது எளிதில் விளங்கும். அடுத்து என்ன என்று தெரிந்தால் அச்சம் பாதி குறையும்.

உடை: புதுச் சட்டையின் விறைப்பும், கழுத்துப் பட்டையில் தைத்த துண்டும் சிலருக்கு முள்போல் குத்தும். பலமுறை துவைத்து, துண்டைப் பிரித்தெடுத்து, முதல் நாள் ஐந்து நிமிடம், மறு வாரம் பத்து நிமிடம் என்று பழக்குங்கள். சப்பாத்துக்கும் அப்படியே. பல பள்ளிக்கூடங்களில் வெள்ளிக்கிழமை பாஜு மெலாயுவும் சொங்கோக்கும் அணிகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் உடை மாறும் என்பதையும் படத்தில் காட்டிப் பழக்கவேண்டும்.

கழிவறை: வீட்டில் உட்காரும் கோப்பை, அங்கே குந்தும் கோப்பையாக இருக்கலாம். வேறு வீடுகளிலும் பள்ளிவாசலிலும் பழக்கிவையுங்கள். வாய் பேசாத பிள்ளைக்கு, கழிவறைப் படம் போட்ட ஒரு சிறு அட்டையை எடுத்துக் காட்டக் கற்றுக்கொடுங்கள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, போதும், இந்நான்குக்கும் நான்கு அட்டைகள் இருந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

உணவு: பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அதே டப்பாவில், தரையில் உட்காராமல் பெஞ்சியில் உட்கார்ந்து, இருபது நிமிடத்துக்குள் உண்ணப் பழக்குங்கள். மூடியைத் திறக்கத் தெரியாமல் பசியோடு திரும்பிய பிள்ளைகள் உண்டு.

ஒலி: பள்ளிக்கூட மணியைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வாருங்கள். மிக மெல்லிய ஒலியில், பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கும் வேளையில் போட்டுக் காட்டுங்கள். நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அஞ்சினால் உடனே குறையுங்கள். வற்புறுத்தினால் முதலுக்கே மோசம். காதை மூடும் உறை ஒன்றும் பையில் இருக்கட்டும்.

வரிசை: நம் ஊரில் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க நாசி கண்டார் கடை வரிசையைவிட நல்ல இடம் ஏது? கூட்டம் குறைந்த வேளையில் முதலில் இரண்டு பேருக்குப் பின்னால் நில்லுங்கள். பிறகு நான்கு பேர், ஆறு பேர்.

இடம்: விடுமுறையில் அனுமதி பெற்றுப் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். வாயில், வகுப்பு, கழிவறை, உணவகம், ஆசிரியர் முகம் ஆகியவற்றைப் படம் எடுத்து, 'இது என் பள்ளிக்கூடம்' என்று ஒரு சிறு புத்தகமாகத் தையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிரு வாக்கியம் போதும். "இங்கே மணி அடிக்கும். சத்தமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பிறகு அம்மா வருவார்" என்பதுபோல். கேரல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் வகுத்த இம்முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

மொழி: இங்கே நம்மவருக்கு ஒரு தனிக் கவலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலாய், கூடவே ஆங்கிலம், மதரஸாவில் அரபு. "பேசாத பிள்ளைக்கு இத்தனை மொழியா? தமிழை விட்டுவிடுவோம்" என்று சில வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குகிறது என்பதற்கு ஆராய்ச்சிகளில் சான்று கிடைக்கவில்லை. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் அவள் தாலாட்டுவதும் கொஞ்சுவதும் எப்படி? வீட்டில் தமிழிலேயே நிறையப் பேசுங்கள். பள்ளிக்கூடத்தில் காதில் விழும் பத்துப் பதினைந்து மலாய்ச் சொற்களை, உட்கார், எழுந்து நில், வரிசை, முடிந்தது என்பன போன்றவற்றை, முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள்.

6. கடிதம்

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருவோம். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். முப்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு அதற்கு மேல் படிக்க நேரமிராது. மலாய் நன்கு எழுதத் தெரிந்த மகளையோ மருமகனையோ கொண்டு மலாயில் எழுதுங்கள். என் தம்பி மகன் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

"மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு. எங்கள் மகனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சான்று இத்துடன் இருக்கிறது. அவன் பேசுவது சுமார் இருபது சொற்கள். சொல்வதைவிட அதிகம் அவனுக்கு விளங்கும். மணிச் சத்தம் அவனுக்குத் தாங்காது. மணிக்கு எட்ட உட்காரவைக்க வேண்டுகிறோம். அச்சம் வருமுன் கைகளை உதறுவான். அப்போது ஐந்து நிமிடம் தனியே இருக்கவிட்டால் அடங்கிவிடுவான். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவான். முன்னால் வந்து பெயர் சொல்லவும். கதவு திறந்திருந்தால் வெளியே நடந்துவிடுவான். அவன் சட்டைக்குள் எங்கள் தொலைபேசி எண் தைத்திருக்கிறது. பொருள்களை வரிசையாக அடுக்குவதில் அவனுக்கு மகிழ்ச்சி. சென்ற ஆண்டு இவற்றை எல்லாம் நாங்கள் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. எந்த நேரத்தில் அழைத்தாலும் வருகிறோம்."

இதில் ஐந்து விஷயங்கள் அடங்கியிருப்பதைப் பாருங்கள்: குறை இன்னது, அஞ்சுவது இன்னதற்கு, அச்சத்தின் முன்னடையாளம் இன்னது, தணிக்கும் வழி இன்னது, பிள்ளை விரும்புவது இன்னது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். குறையை மட்டும் எழுதினால் ஆசிரியர் கையில் சுமையைக் கொடுக்கிறோம். விருப்பத்தையும் எழுதினால் கைப்பிடியையும் கொடுக்கிறோம்.

கடிதத்தைப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய வாரம் தாயும் தந்தையும் சேர்ந்து போய் நேரில் கொடுங்கள். காவலாளியிடமும் பிள்ளையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாசலைக் காப்பவர் அவர்தான்.

7. முதல் மூன்று மாதம்

பள்ளிக்கூடம் சம்மதித்தால் முதல் வாரம் ஒரு மணி நேரம், மறு வாரம் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் பேசுங்கள். புகார் கேட்பதற்கு மட்டுமல்ல, நன்றி சொல்வதற்கும். விடுமுறை, பெருநாள், நோன்பு மாதத்தில் பள்ளிக்கூட நேர மாற்றம், ஆசிரியர் மாற்றம் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு முன்பே படத்தில் காட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கத்தி அழுகிற பிள்ளைகளும் உண்டு. அது பிடிவாதமன்று, பகலெல்லாம் அடக்கி வைத்த களைப்பு. அடிக்காதீர்கள். இருட்டறையில் சற்று நேரம் சும்மா விடுங்கள்.

8. எங்கள் வீட்டு வரவு செலவு

மறு ஆண்டு என் தம்பி மகன் பத்து நாள் காலையில் கடையைத் தாமதமாகத் திறந்தான். அவன் கடை வைத்த பின் இப்படி நடந்ததே இல்லை. வாடிக்கைக்காரர் கேட்டபோது காரணத்தையும் மறைக்காமல் சொன்னான். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், பல ஆண்டு பழகியவர், அவனைத் தனியே அழைத்து, "என் பேரப்பிள்ளையும் இப்படித்தான் இருக்கிறான், எந்த டாக்டரிடம் போனீர்கள்?" என்று மெல்லக் கேட்டாராம். ஒரு வீடு வாய் திறந்தால் இன்னொரு வீட்டுக் கதவு திறக்கிறது.

பிள்ளை இப்போது தனி வகுப்பில் மூன்றாம் ஆண்டு. இன்னும் சேர்ந்தாற்போல் நான்கு சொல்லுக்கு மேல் பேசமாட்டான். சென்ற மாதம்கூட மணி பழுதாகித் தொடர்ந்து அடித்தபோது ஒரு நாள் முழுதும் வீணாயிற்று. கஷ்டம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்தில் அவன் விருப்பத்தைச் சொன்ன வரியைப் படித்த ஆசிரியை அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வகுப்பு வாசலில் கழற்றிப் போட்ட சப்பாத்துகளை எல்லாம் வரிசையாக அடுக்குவது அவன் பொறுப்பு. வீட்டில் எங்களை அழவைத்த அதே பழக்கத்துக்கு அங்கே மற்றப் பிள்ளைகள் அவனுக்கு நன்றி சொல்கிறார்கள். காலையில் தானே பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான்.

அக்காள்மார் இருவரில் மூத்தவளுக்குச் சென்ற ஆண்டு நிக்காஹ் ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் தம்பியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டோம். வீண் போகும் என்று நாங்கள் அஞ்சியது எதுவும் வீண் போகவில்லை. சொல்லாமல் இருந்த ஓர் ஆண்டுதான் வீண் போயிற்று.

ஆகவே அன்பர்களே, இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றிரவு கடை அடைத்து வந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிள்ளையின் தாயருகே உட்காருங்கள். நாள் முழுதும் பார்த்தவள் அவள்; அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

வீட்டார் கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நம் பிள்ளை எந்த ஒலிக்கு, எந்தத் தொடுகைக்கு அஞ்சுகிறது? அஞ்சுவதற்கு முன் என்ன அடையாளம் காட்டுகிறது?

2. நம் பிள்ளை எதைச் செய்யும்போது தன்னை மறந்து மகிழ்கிறது? அதைப் பிறருக்குப் பயன்படும் வேலையாக்குவது எப்படி?

3. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் எத்தனை மாதம்? மேற்சொன்ன பயிற்சிகளில் முதலில் தொடங்க வேண்டியது எது?

4. தந்தை வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்கு ஒதுக்குவார்? கடையை அப்போது யார் பார்த்துக்கொள்வார்?

5. நம் வீட்டில் அத்தகைய பிள்ளை இல்லையானால், இருக்கும் வீட்டாருக்கு நாம் செய்யக்கூடியது என்ன? திருமண வீட்டில் அப்பிள்ளை சத்தமிடும்போது நாம் எப்படிப் பார்க்கிறோம்?